துளி மிச்சமில்லாமல்

"இது கையா, கொள்ளிக்கட்டையா? என் குரலை அழிச்சுப்புட்டு எப்படி நிக்கிறா பாருங்க, கல்லாட்டம்!"

லாக்சன் போட்ட சத்தத்தில் வானொலி நிலையத்தின் தகரக் கூரை அதிர்ந்தது. கூட வந்திருந்த தம்பி ஜோசாமும் சளைக்காமல் மேசையைத் தட்டினார்.

நிலைய மேலாளர் வெட்சனுக்கு மானமே போயிற்று. நேற்று சாயங்கால அறிவிப்புக்கு சலிமா ஊரே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இருக்காதா பின்னே? லாக்சனின் தங்கை மகள் தமாண்டா, மாமனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மினிபஸ் கண்டக்டரோடு தலைநகர் லிலாங்வேக்குப் போய்விட்டாள். அந்த மக்களின் வழக்கத்தில் தாய்மாமன் சொல்தான் கடைசிச் சொல். 'அவள் இனி எங்கள் குடும்பத்தில் இல்லை. யாரும் அவளுக்குக் கதவைத் திறக்கக் கூடாது' என்று லாக்சன் முந்தாநாளே வந்து பேசிப் பதிவு செய்துவிட்டுப் போனார்.

அறிவிப்பு நேரத்தில் அந்த சி.டி. வட்டைப் போட்டால் காலி!

"எனிபா, என்னம்மா இது?" என்றார் வெட்சன்.

"தப்பு நடந்துபோச்சு சார். பழைய வட்டுன்னு நினைச்சு அழிச்சுட்டேன்."

அழித்து அழித்துத் திரும்ப எழுதுகிற வட்டுகளை வைத்துத்தான் அந்த நிலையத்தின் பிழைப்பே ஓடுகிறது. அதை அழிக்கிற வேலை எனிபாவுடையது.

"அழிச்சாத்தான் என்ன? நம்ம அழிக்கிறது மேலோட்டமாத்தானே? பேச்சு அடியில கிடக்குமே, தோண்டி எடு."

"முடியலை சார்." அவள் தலை நிமிரவில்லை.

"போன மாசம் ஒரு சாவு அறிவிப்பை வேற ஊர்க்காரங்களுக்கு மாத்திப் போட்ட. இப்ப இது. போதும் தாயி, நாளையிலேருந்து நீ வர வேணாம்!"

எனிபாவின் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பெரிகிறது. வெட்சனுக்கும் அது தெரியும். கோபம் வந்தால் தெரிந்ததெல்லாம் எங்கே ஞாபகம் வருகிறது?

லாக்சனின் சத்தம் பொசுக்கென்று அடங்கியது.

"வேலையை விட்டு எடுங்கன்னு நான் சொன்னேனா? சின்னப் பொண்ணு, தெரியாம செஞ்சுட்டா. நல்லா நாலு வார்த்தை திட்டுங்க, விட்டுருங்க."

"அதெல்லாம் இருக்கட்டும். மைக்கு இங்கதானே இருக்கு? இப்பவே இன்னொரு தடவை பேசிட்டாப் போச்சு. உக்காருண்ணே!" என்றார் ஜோசாம்.

லாக்சன் மைக்கைப் பார்த்தார். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

"சும்மா இருடா! ஒரே வாயால ரெண்டு தடவை சபிக்கிற வழக்கம் நம்ம வீட்ல உண்டா? நான் சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு. அதை அழிச்சது இவங்க பாவம். கிளம்பு!"

தம்பியை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினார்.

'கோபக்காரராக இருந்தாலும் பெரிய மனுஷன்' என்று வெட்சன் நினைத்துக்கொண்டார். எனிபா சத்தமில்லாமல் தன் பையை எடுத்தாள்.

கடைசியாகத் தானும் ஒரு முறை தேடிப் பார்க்கலாமென்று வெட்சன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கறுப்புத் திரையில் அம்புக்குறியைத் தட்டினால், முன்பு அடித்த கட்டளை அப்படியே வந்து நிற்கும். வந்து நின்றது. பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வழக்கமான 'ஃபாஸ்ட்' இல்லை, 'ஆல்'!

'ஃபாஸ்ட்' போட்டால் ரெண்டு நிமிஷம். வட்டின் அட்டவணை மட்டும் போகும். 'ஆல்' போட்டால் ஓரம் வரைக்கும் சுரண்டி எடுக்கும், அரை மணிக்கு மேல் ஆகும். நடுவில் கரண்ட் போனால் வட்டே பாழ் என்று அங்கே யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. போதாததற்கு, நிறுத்துவதானால் இப்போதே நிறுத்து என்று கம்ப்யூட்டர் முதலில் நொடிகளை எண்ணிக் காட்டும். கைதவறி நடக்கிற காரியமா இது?

"எனிபா! பையைக் கீழ வை. இங்க வா."

வந்தாள்.

"தெரியாம அழிச்சவ எதுக்கு அரை மணி நேரம் உக்காந்து அழிச்ச? அந்த தமாண்டா உன் சிநேகிதியா?"

"ஐயோ, நான் அவளைப் பார்த்ததுகூட இல்ல சார்."

"பின்னே யாருக்காகடி வாயை மூடிக்கிட்டு நின்ன? வேலை போகுதுன்னு தெரிஞ்சுமா?"

எனிபா ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள். லாக்சன் தம்பியோடு இன்னமும் கையை ஆட்டி ஆட்டிச் சத்தம் போட்டுக்கொண்டே போய்க்கொண்டிருந்தார்.

"நேத்துக் காலைல நான் கதவைத் திறக்குறதுக்கு முன்னாடியே ஒருத்தர் வாசல்ல வந்து நின்னாரு சார். ராத்திரி பூரா தூங்கலையாம். 'ஆத்திரத்துல எல்லார் முன்னாடியும் வார்த்தையை விட்டுட்டேன். இப்பப் பின்வாங்கினா ஒரு பய என்னை மதிக்க மாட்டான். புள்ளை என்னைக்காவது திரும்பி வந்தா எந்த மூஞ்சியோட கதவைத் திறப்பேன்? பழியை நீ ஏத்துக்கிறியா தாயி?'ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாரு."

வெட்சன் திரையிலிருந்த 'ஆல்' என்ற சொல்லை மறுபடி பார்த்தார்.

"நான் ஃபாஸ்ட்னுதான் அடிக்கப் போனேன் சார். அடியில துளி மிச்சம் இருக்கக் கூடாதுன்னுட்டாரு. முடியுற வரைக்கும், கரண்ட் போயிடக் கூடாதுன்னு கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கிட்டே பக்கத்துல உக்காந்திருந்தாரு, லாக்சன் ஐயா."