ஆதாரம் எங்கே?

"கதை விடுறதுக்கும் ஓர் அளவு வேணாமா?"

பேராசிரியர் ப்ராஜெக்ட் அறிக்கையை மேசைமேல் விட்டெறிந்தார். எதற்கெடுத்தாலும் "ஆதாரம் எங்கே?" என்பதால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஆதாரம் சார்'. ஆய்வு முறைகளைத் தெருவில் இறங்கித்தான் கற்க வேண்டும் என்று வகுப்பையே வெளியே கிளப்பி விட்டவரும் அவர்தான்.

அவருடைய செல்போன் அதிர்ந்தது. யாரென்று பார்த்துவிட்டு, எடுக்காமலே அழைப்பைத் துண்டித்தார்.

எதிரே நின்ற மாணவிக்கு எரிச்சலாக வந்தது. தனியாக வாழும் முதியவர்களைத் தேடி அவளும் தோழியும் படியேறாத வீடில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே இவர் கதை என்கிறார்!

"யாரு இந்தப் பெரியவர்? ராங் நம்பர் வந்தாக்கூட விடாமப் பேசுவாராம். ஒரே ஊர்ல இருக்கிற மகன் மாசக்கணக்கா எட்டிக்கூடப் பார்க்கலையாம். பெத்த அப்பனை இப்படி விடுற பிள்ளை இருப்பானா?"

"இருக்காங்க சார்."

"அப்போ பேரைச் சொல்லு. நானே போய்க் கேக்குறேன்."

"பேட்டி கொடுத்தவங்க யாருன்னு வெளியே சொல்லக் கூடாது. நீங்கதானே சார் சொன்னீங்க?"

"என் பாடத்தை எனக்கே நடத்துறியா? ஹாஸ்டல்ல உக்காந்து எழுதிட்டு வாய் வேறயா? பேர் வரலைன்னா ரெண்டு பேருமே ஃபெயில். இன்னொரு வருஷம் இங்கேயே கிடங்க."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இந்த வருஷம் முடித்தால்தான் கிடைத்த வேலை நிலைக்கும். ஆனாலும் பொய்க்காரி என்ற பட்டத்தைத்தான் தாங்க முடியவில்லை. செல்போனை எடுத்து நீட்டினாள்.

"பாருங்க சார், முழுப் பேட்டிக்கும் ரெக்கார்டிங் இருக்கு."

"போடு, கேக்குறேன்."

"வேணாம் சார். வேற எந்த சார்கிட்ட வேணா போட்டுக் காட்டுறேன். உங்ககிட்ட மாட்டேன்."

"ஏன், நான் கேட்டா குட்டு வெளிப்பட்டுடுமா?" வெடுக்கென்று போனைப் பிடுங்கி, அவரே அழுத்தினார்.

முதலில் சம்மதம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்பதும் அவருடைய பாடம்தான். அவள் குரல் அப்படியே கேட்டது: "ஐயா, இதைப் பதிவு பண்ணிக்கலாமா?"

"தாராளமாப் பண்ணும்மா. யார் வேணா கேக்கட்டும்," என்றது ஒரு முதிய குரல். "உங்க ஆராய்ச்சி வாத்தியாருக்கு மட்டும் போட்டுக் காட்டிடாதே. என் பிள்ளை தாங்க மாட்டான்."