முக்கால் மணி நேரம் திறக்காதே

“அம்மாதான் மைனி அடுப்புக் கதவத் தொறந்தா. நான் என் ரெண்டு கண்ணால பார்த்தேன்.”

நாத்தனார் கிளாடிஸ் காதோரம் வந்து சொன்னதும் பிலோமிக்கு உச்சந்தலை சூடேறிவிட்டது. உடைக்க எடுத்த முட்டையை அப்படியே கீழே வைத்தாள்.

“ஏளா, எப்பப் பார்த்த?”

“நேத்துதான். கொல்லையில துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். ஜன்னல் வழியா முதுகுதான் தெரிஞ்சுது. சுத்திமுத்திப் பார்த்தா, கதவத் தொறந்தா, குனிஞ்சா, மூடுனா. அப்புறம் ஒண்ணும் தெரியாதவ மாதிரி போயிட்டா. முந்தாநாளும் அவதான குசினியில அடுப்புப் பக்கத்துல நின்னா?”

அது என்ன, சாதாரண அடுப்பா? கப்பலில் வேலை பார்க்கும் பிலோமியின் அண்ணன் ஜேசுபாதம், தங்கச்சி கல்யாணத்துக்கென்று சிங்கப்பூரிலிருந்து சுமந்துகொண்டு வந்த கரண்ட் அடுப்பு. ரொட்டி வாட்டலாம், கோழி சுடலாம், கேக் வேகவைக்கலாம். எழுபத்தி மூணாம் வருஷத்துத் தூத்துக்குடியில் அந்தத் தெருவுக்கே அது ஒன்றுதான். கல்யாணத்துக்கு வந்த சனம் பெண்ணைப் பார்த்ததைவிட அடுப்பைத்தான் அதிகம் பார்த்தது.

கூடவே வந்த இங்கிலீஷ் புஸ்தகத்தை, கப்பல் ஆபீஸ் கிளார்க்கான பிலோமியின் புருஷன் கிளாட்வின் எல்லாரையும் உட்காரவைத்து வாசித்துச் சொல்லியிருந்தான்.

“கேக்கு வைக்கதுக்கு முன்னால வெறும் அடுப்பப் பத்து நிமிஷம் சூடாக்கணும். தட்டுல பாதிக்கு மேல மாவு ஊத்தக்கூடாது. அடுப்பச் சுவரோட ஒட்டி வைக்கக்கூடாது. எல்லாத்துக்கும் மேல, முக்கால் மணி நேரத்துக்குக் கதவத் தொறக்கவே கூடாது. சூடு வெளிய போச்சுன்னா கேக்கு அமுங்கிரும்.”

பிலோமி ஒன்று விடாமல் அப்படியே செய்தாள். முந்தாநாள் செய்த கேக் நடுவில் குழி விழுந்தது. நேற்றைய கேக் அதைவிட மோசம், ஆப்பச்சட்டி மாதிரி.

ரெண்டு நாளும், “ஏளா, நீ போய்க் குளிச்சிட்டு வா. நான் பாத்துக்கிடுதேன்” என்று தேனாகப் பேசி அவளை அனுப்பிவைத்தது மாமியார் அந்தோணியம்மாள்தான். கேக் அமுங்கி வந்தபோது மருமகள் முகத்தைப் பார்க்காமல் நழுவியதும் அவள்தான்.

கிளாட்வின் இன்று காலையில் தீர்ப்பே சொல்லிவிட்டான்.

“மெஷின்லதான் கோளாறு. நாளைக்குக் கிறிஸ்மஸ் சாப்பாட்டுக்கு மச்சான் வாராருல்லா, அவர்ட்டயே குடுத்து அனுப்பிருவோம். இன்னைக்கு ஒரு தடவ செஞ்சு பாரு, அவ்வளவுதான்.”

அண்ணன் கொடுத்த சீரைத் திருப்பிக் கொடுப்பதா! அவன் முகம் என்ன ஆகும்? நினைக்க நினைக்க பிலோமிக்கு அழுகை முட்டியது.

“மாமியா ஒடச்சா மண்சட்டி, மருமக ஒடச்சா பொன்சட்டின்னு சும்மாவா சொன்னாங்க?” என்றாள் கிளாடிஸ்.

பெற்ற தாயைப் பற்றி மகளே இப்படிப் பேசினால் நம்பாமல் என்ன செய்வது?

“இரு ஏளா. இன்னைக்குக் கையும் களவுமாப் பிடிக்கேன்.”

அடுப்பைச் சூடாக்கி, தட்டில் பாதிக்கு மாவை ஊற்றி, உள்ளே வைத்துக் கதவை மூடினாள் பிலோமி. மணி மூன்று.

சொல்லிவைத்தாற்போல் வந்து நின்றாள் அந்தோணியம்மாள்.

“நீ போய்க் குளி ஏளா. நான் பாத்துக்கிடுதேன்.”

“சரி மாமி.”

குளிப்பறையில் தண்ணீரைச் சளசளவென்று ஊற்றச் சொல்லிக் கிளாடிஸை அனுப்பினாள். ஊர் இருக்கிற தண்ணீர்க் கஷ்டத்தில் அது ஒரு தனிப் பாவம். பிலோமி மட்டும் குசினிக் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இருபது நிமிஷம் போனது. மாமியார் இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். மெதுவாக வந்து அடுப்பின் கைப்பிடியைத் தொட்டாள்.

“மாமி!”

பாய்ந்து வந்து மாமியார் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள் பிலோமி.

“நான் உங்களுக்கு என்ன பாவம் செஞ்சேன்? என்னையப் பிடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. எதுக்கு மாமி ஒளிஞ்சு நின்னு என் கேக்கக் கெடுக்கிய?”

அந்தோணியம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“ஐயோ, மாதாவே! நானா கெடுக்கேன்?”

முந்தானைக்குள் இருந்த இடது கை வெளியே வந்தது. அதில் கோயிலில் மந்திரித்து வாங்கிய தீர்த்தப் பாட்டில்.

“புது வள்ளத்தக் கடல்ல எறக்கினாக்கூட தீர்த்தம் தெளிக்காம எறக்குவமா? இது எம்புட்டுத் தூரம் கப்பலேறி வந்த அடுப்பு! நீயும் பயந்து பயந்து செய்யுத. உன் புருஷன் பார்த்தாச் சிரிப்பான்னுதான் யாருக்கும் தெரியாமத் தெளிச்சேன்.”

“முக்கால் மணி நேரம் தொறக்கக் கூடாதுன்னு அவுக படிச்சுச் சொன்னாகளே மாமி!”

“அது மனுசங்க தொறக்கதுக்குல்லா! தீர்த்தத்துக்குமா?”

பிலோமிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கண்ணீரும் வந்தது. பிடித்த கையை விடாமல் மாமியாரை அடுப்புக் கதவில் பதித்திருந்த கண்ணாடிக்கு முன்னால் குனியவைத்தாள். உள்ளே கேக் பொன்னிறமாக, குண்டாக உப்பி எழும்பிக்கொண்டிருந்தது.

அந்தோணியம்மாள் கண்ணாடியையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“முந்தாநாள் ஒரு கை தெளிச்சேன், அமுங்கிட்டு. பத்தல போலன்னு நேத்து மூணு கை தெளிச்சேன், இன்னும் அமுங்கிட்டு. உங்கண்ணன் குடுத்தது உன் கைய விட்டுப் போயிரக் கூடாதேன்னுதான் ஏளா, இன்னைக்கு முழுப் பாட்டிலையும் கொண்டாந்தேன்!”