உறையாத பால்

காலையில் உறை ஊற்றிய பால், விளக்கு வைக்கும் நேரத்திலும் சட்டியில் தண்ணீராகவே ஆடியது. செல்லக்கனி சட்டியை மறுபடியும் சாய்த்துப் பார்த்தாள்.

முந்தாநாள் மீன் குழம்பை ஊற்றித்தான் மகன் முகில் மதியம் சாப்பிட்டிருந்தான். அதில் தப்பில்லை. இந்த உறையில் தோய்ந்த பச்சைப்பால் மோரை ஒரு வாய் குடித்துவிட்டால், கெட்டுப்போன சோற்றின் கிருமியைக்கூட மோரிலிருக்கும் நுண்ணுயிர்கள் வளரவிடுவதில்லை. இந்த மோர் வந்த பிறகு ஊரில் ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்களே இல்லை. ஆனால் தினமும் குடிக்க வேண்டும். இன்று மோர் இல்லை.

"யம்மா, வயிறு முறுக்குது" என்றான் முகில். அவன் நெற்றி சில்லென்று வியர்த்திருந்தது.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். பொன்னுத்தாய் மதினி கதவைப் பாதிதான் திறந்தாள்.

"விளக்கு வச்சாச்சுல்லா. இனி உறை குடுக்கக் கூடாது."

"ஒரு கரண்டி போதும் மதினி. புள்ள துடிக்கான்."

"காலைல வா."

போன வாரம் இருட்டிய பிறகுதான் இதே மதினி அவளிடம் வந்து உறை வாங்கிப் போனாள். ஆத்திரத்தில் செல்லக்கனி கதவைத் தள்ளினாள். உள்ளே மதினியின் மகள் பாயில் சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் சட்டி நிறைய உறையாத பால்.

"ஒன் வீட்டு உறைதானட்டி தெரு பூரா போயிருக்கு" என்று மதினி அழுதாள்.

செல்லக்கனி தெருவில் இறங்கினாள். எதிர்வீட்டிலிருந்தும் கோடிவீட்டிலிருந்தும் பெண்கள் காலிக் கிண்ணங்களோடு வந்துகொண்டிருந்தார்கள். அவள் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்ததும் முன்னால் வந்தவளின் முகம் தெளிந்தது.

"அப்பாடா, ஒனக்காவது கெடச்சுட்டா?"