அரை நொடி

சேலத்தில் கோகுல்ராஜ் தபேலா வாசிக்க, நாமக்கல் பள்ளி விடுதியில் தங்கி வேலை பார்க்கும் மனைவி ரஞ்சிதா போன் வழியே பாடினாள். வெவ்வேறு ஊரில் இருப்பவர்கள் சேர்ந்து பாடுவதற்காக அவன் எழுதிய செயலி.

பழைய செயலியில் பாட்டு தாளத்தோடு ஒட்டித்தான் வந்தது. ஆனாலும் அரை நொடி தாமதமென்று மேலாளர் நச்சரித்ததால், இரண்டு மாதம் மாய்ந்து மாய்ந்து மாற்றி எழுதியிருந்தான். இன்றுதான் புதியதில் முதல் ஒத்திகை.

"ஏம்புள்ள, இப்படி முந்திக்கிட்டு ஓடற?"

சோர்ந்துபோய்த் தபேலாவைத் தள்ளி வைத்தான். "போச்சு. நாளைக்குக் காட்டோணும். நல்லா இருந்ததையும் கெடுத்துட்டேன்."

"புதுசு சரியாத்தானுங்க இருக்குது. பழசுல என்ற பாட்டு உங்களுக்கு லேட்டாத்தான் வந்துச்சு. அதனால தினமும் அரை நொடி முந்தியே பாடிப் பழகிட்டனுங்க."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"தாளம் சேர்ந்த அன்னிக்குத்தானுங்க நீங்க சோறே உண்டீங்க."