எதிர்த்திசை

"பொண்ணுங்க ஒருத்தர்கூடத் தேறல டீச்சர்," என்றார் ஆய்வாளர், கடைசித் தாளையும் திருத்திக் கட்டோடு சேர்த்துவிட்டு.

இயற்பியல் டீச்சர் அந்தக் கட்டையே பார்த்தாள்.

அறிக்கை சாயங்காலமே போய்விடும். அடுத்த வருடம் இயற்பியல் சிறப்பு வகுப்பில் யார் யாருக்கு இடம் என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்யப் போகிறார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, ஆய்வாளர் நல்ல மனிதர். பையன்களின் மூளை, பெண்களின் மூளை என்று அளந்து அளந்து பழம் தின்று கொட்டை போட்டவர். குரலில் ஏளனமே இல்லை. துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரிதான் பேசினார்.

கம்பியில் மின்சாரம் மேலே போனால், சுற்றியுள்ள காந்தப்புலம் எந்தப் பக்கம் சுழலும்? கேள்விகள் எல்லாம் இந்த ரகம்தான். வலது கட்டைவிரலை மின்சாரம் போகிற பக்கம் நீட்ட வேண்டும். மற்ற விரல்கள் மடங்கும் பக்கம்தான் விடை.

பையன்கள் பெரும்பாலும் சரி. பெண்களோ, முதல் பெஞ்சு வாயாடி உட்பட, நேர் எதிர்த்திசையில் அம்பு போட்டிருந்தார்களாம்.

அவர்கள் தப்பில்லையாம். ஒரு பொருளை மனதுக்குள் திருப்பிப் பார்ப்பது பெண்களுக்குக் கொஞ்சம் வராதாம்.

இதே பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் டீச்சரும் படித்து வந்தாள். அப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். இன்று வரவில்லை. ஒருவேளை உண்மைதானோ என்று தோன்றியது. அதுதான் தாங்கவில்லை.

சரி, எங்கே சறுக்கினார்கள் என்று தெரிந்தால் மறுபடி நடத்தலாம். முதல் கேள்வியை ஒரு தடவை செய்து காட்டும்படி கேட்டாள்.

அதற்கென்ன, விடையெல்லாம் அவரே போட்டதுதானே. ஆய்வாளர் உற்சாகமாகக் கையைத் தூக்கினார். கட்டைவிரலை மேலே நீட்டி, மற்ற விரல்களை அழகாக மடக்கினார்.

டீச்சர் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அவருடைய இன்னொரு கையைப் பார்த்தாள்.

பரீட்சையில் பெண்கள் ஒவ்வொரு கேள்விக்கும் பேனாவை வைத்துவிட்டுத்தான் கையைத் தூக்கினார்கள். நேரத்தை வீணாக்குகிறார்களே என்று மனதுக்குள் திட்டியவளே அவள்தான். பையன்கள் எழுதுகிற வேகத்தில் பேனாவை விடாமல், சும்மா இருந்த கையைத்தான் தூக்கிப் பார்த்தார்கள்.

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு. அடக்கிக்கொண்டாள்.

"சார், வலது கையில இருக்கிற பேனாவக் கீழ வெச்சிட்டு, இன்னொரு தடவை காட்டுங்க."