பச்சைக் காய்கள்

ஜன்னல் வெயில் மேசையில் விரித்த விளையாட்டுப் பலகையின் பழைய அமெரிக்கக் காட்டின் மேல் விழுகிறது. கணவனின் நீலக் காய்கள் பிரெஞ்சுப் படை. கொழுந்தனின் சிவப்பு, ஆங்கிலப் படை. நடுவே ஆற்றங்கரையில் இருந்தவை அவளுடைய பச்சை, அந்த மண்ணின் பூர்வகுடிகள். டீத் தட்டோடு சமையலறையிலிருந்து வருகிறவள் அப்படியே நின்றுவிடுகிறாள். ஆற்றங்கரையில் ஒரு பச்சைகூட இல்லை. அத்தனையும் டப்பாவுக்குள் கிடக்கின்றன.

"நாங்க ரெண்டு பேரும் சமாதானமாயிட்டோம் அண்ணி. ஆத்துக்கு இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் அண்ணனுக்கு."

"என் இடத்த என்னைக் கேக்காமலே பங்கு போட்டுட்டீங்களா?"

"நீதான் உள்ள போயிட்டியே," என்று தட்டுக்குக் கை நீட்டுகிறான் கணவன். "விளையாட்டுதானே, விடு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தட்டை அலமாரி மேல் அவர்களுக்கு எட்டாமல் வைக்கிறாள். ஆவி பறக்கும் ஒரு டம்ளரை மட்டும் துணியால் பிடித்து எடுத்து, ஆற்றங்கரையில் தன் ஊர் இருந்த இடத்தில் ணங்கென்று வைக்கிறாள். அங்கே புதிதாக நின்ற நீலக் கோட்டையும் சிவப்புக் கோட்டையும் சரிகின்றன.

"இப்ப எடுங்க பாக்கலாம்."