டெல்பர்ட்டின் நாய்க்குப் பல்வலி

ஓக்லஹோமாவில் லாரி ஓட்டும் டெல்பர்ட், தன் நாய்க்கு மாத்திரை கேட்டு மிருக வைத்தியர் லொரெட்டா முன் நின்றான்.

“கடைவாய்ப் பல்லு டாக்டர். காப்பி குடிச்சா சுர்ருன்னு இழுக்குது.”

“நாய் காப்பி குடிக்குமா?”

“பால் ஊத்தாம.”

பொய் சொல்லக்கூடத் துப்பில்லை என்று மனைவி திட்டுவது சரிதான் என நினைத்துக்கொண்டான்.

“எங்கே அவன்?”

“லாரியில தூங்குறான்.”

“இன்சூரன்ஸ்?”

“மாசம் எழுநூறு டாலர் கேக்குறாங்க. அவன் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகல.”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். பல் சுரீரென்றது.

லொரெட்டா சிரிக்காமல் சீட்டு எழுதினாள். “எடை?”

“இருநூறு பவுண்டு. கொஞ்சம் தொப்பை.”

“சாப்பிட்டப்புறம் போடச் சொல்லுங்க. பீர் கூடாது. இன்சூரன்ஸ் இல்லாத என் பூனைக்கும் போன மாசம் பல்வலி இதுலதான் நின்னுச்சு.”

“உங்ககிட்ட பூனை இருக்கா டாக்டர்?”

“உங்ககிட்ட நாய் இருக்கா?”